சுவரை ஒட்டிய மாமனார்

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஓடிவிட்டன. காதோரம் நரைத்தும்விட்டது. ஆனாலும் அந்தத் தெருவில் அவருக்கு மாப்பிள்ளை என்றுதான் பெயர். மாமனார் வீட்டோடு வந்து தங்குகிறவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் அது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் பிறகு உரித்தாலும் வராது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்த்துப் பொருத்துவது அவர் தொழில். பேச்சு குறைவு. யாராவது ஏதாவது கேட்டால் பதிலைத் தேய்த்து, துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தன்னிடமே வைத்துக்கொள்வார்.

மாமனார் அதற்கு நேரெதிர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவருடைய பழைய கார் நின்றது. அது ஓடி வெகுகாலம் ஆயிற்று. காலையில் தேநீர் டம்ளரோடு போய் அதன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாரென்றால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். செய்தித்தாள் படிப்பது, கண்ணயர்வது, தெருவில் தாறுமாறாகப் போகிறவர்களைத் திட்டுவது எல்லாம் அங்கிருந்தபடியே. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன அந்த மனிதருக்கு, உலகத்தில் வலியில்லாமல் உட்காரக் கிடைத்த ஒரே இடம் அந்த இருக்கைதான். நாற்காலி, கட்டில், மெத்தை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. "இதெல்லாம் பயணி உக்கார்ற சீட்டு" என்று ஒதுக்கிவிட்டார்.

அந்த இருக்கைக்குப் பக்கத்தில், கார்க் கதவைத் திறந்தால் இடிக்கும் தூரத்தில், கொட்டகையின் செங்கல் சுவர் இருந்தது. சிக்கல் அங்கேதான்.

கூரைத் தகரத்திலிருந்து வழிந்த மழைநீர் வருடக்கணக்காக ஒரே இடத்தில் இறங்கி, செங்கற்களுக்கு நடுவே இருந்த சாந்தை அரித்துத் தின்றிருந்தது. இடுக்கில் விரலை விட்டால் இரண்டு கணு உள்ளே போயிற்று. சில செங்கற்கள் முகம் பொரிந்து, தொட்டால் செம்பொடியாக உதிர்ந்தன. நடுப்பகுதியில் சுவர் லேசாகத் தொப்பை போட்டிருந்தது. அந்தத் தொப்பைக்கு நேர்கீழே மாமனாரின் தலை.

"அப்பா தலையில விழுந்தப்பறம் யோசிச்சுப் பாக்கலாம்னு இருக்கீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

மாப்பிள்ளை யோசித்தார்.

"இதையே யோசிக்காதீங்க. மழைக்கு முன்னாடி ஆளக் கூப்பிடுங்க."

ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே கொத்தனாரை எல்லோரும் 'நாளைக்கு' என்று அழைத்தார்கள். எப்போது வருவாய் என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலே நாளடைவில் பெயராகிவிட்டது. ஆனால் என்ன அதிசயமோ, இந்தமுறை சொன்ன நாளுக்கே வந்து நின்றார். மணலைச் சலித்தார், கலவை போட்டார், மெல்லிய உளியை எடுத்து ஓர் இடுக்கிலிருந்த மட்கிய சாந்தைச் சுரண்டினார்.

"வாழ்க்கையில ஒருநாளும் இவன் நேரத்துக்கு வந்ததில்ல. இன்னிக்கு வந்திருக்கான். ஏதோ கெட்டது நடக்கப்போகுது பாருங்க மாப்ள" என்றார் மாமனார், கார் சன்னல் வழியாக.

சொல்லி வாய் மூடவில்லை. வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கியவர் சுவர் நலத் துறையின் முதல்நிலைப் பார்வையாளர். தெருவில் எங்கே மணல் குவிந்தாலும் ஈரத்தில் முளைக்கும் காளான் போல அங்கே தோன்றிவிடுவார் என்று பிற்பாடு தெரிந்தது.

"யாரக் கேட்டு சுவரத் தொட்டீங்க?"

"பழுது பாக்கறோம்" என்றார் மாப்பிள்ளை.

"பழுதுன்னு யார் சொன்னது?"

மாப்பிள்ளை சுவரைக் காட்டினார்.

"சுவர் சொல்லக்கூடாது. நாங்க சொல்லணும். நாங்க பாதிப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சரிபண்ணிட்டா, அப்புறம் நாங்க வந்து எதப் பாக்கறது? நல்ல சுவரையா? நல்ல சுவரப் பாக்கறதுக்கு எங்களுக்கு அதிகாரமே கிடையாது."

கொத்தனார் கலவையை அப்படியே விட்டுவிட்டு, "நாளைக்கு வர்றேங்க" என்று கிளம்பினார். அவர் அதைச் சொன்ன விதத்தில் பழைய நிம்மதி திரும்பியிருந்தது. கலவை சாயங்காலத்துக்குள் சட்டியிலேயே கல்லாகிவிட்டது.

பார்வையாளர் வேலையைத் தொடங்கினார். சுவரை மூன்று அடி தள்ளி நின்று பார்த்தார், பிறகு ஓரடி தள்ளி நின்று பார்த்தார். பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து, நல்ல சாந்து இருந்த இடுக்காகத் தேடிப் பிடித்துக் குத்தினார். சாந்து பொலபொலவென்று கொட்டியது. இன்னோர் இடத்தில் குத்தினார். அங்கேயும் கொட்டியது.

"சுவத்துக்கும் காது உண்டும்பாங்க" என்றார் காரில் இருந்த மாமனார். "இவரு அதக் கொடஞ்சு அழுக்கெடுக்கறாரு."

பார்வையாளர் காதில் வாங்காமல் எழுதினார். "நான் வரும்போது மேலோட்டச் சிதைவு. இப்ப நடுத்தரச் சிதைவு. நல்லவேளை, நேரத்துக்கு வந்தேன்." பிறகு காரைச் சுற்றி வந்தார். "சுவரை ஒட்டி இருக்கற பொருள் எல்லாத்தையும் குறிக்கணும். கார் ஒண்ணு. ரப்பர் குழாய் ஒண்ணு. இது யாரு?"

"என் மாமனாருங்க."

"எப்பவும் இங்கதான் இருப்பாரா?"

"ஆமாங்க."

"மாமனார் ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார்.

நடுத்தரச் சிதைவைப் பார்க்கப் பார்வையாளருக்கு அதிகாரம் கிடையாதாம். அதற்குத் தட்டுநர் வர வேண்டும். அவரை அழைத்து வர மாப்பிள்ளை துறையின் தலைமை அலுவலகத்துக்கே போனார். வாசலிலேயே பெரிய எழுத்தில் 'சுவர் இருந்தால்தான் சித்திரம்' என்று எழுதியிருந்தது. எழுதியிருந்தது ஒரு திரைச்சீலையில். பின்னால் இருக்க வேண்டிய சுவர் நெடுநாளாக ஆய்வில் இருக்கிறதென்று காவலாளி சொன்னார். உள்ளே ஒரு கூடம். அதில் வரிசையாகச் சன்னல்கள், எல்லாவற்றிலும் கதவு சாத்தியிருந்தது. சன்னல்களுக்கு முன்னால் மனிதர்கள் சலிப்பையும் தாண்டிய ஓர் அமைதியோடு உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அந்த அமைதி பிடித்துப்போயிற்று. பக்கத்தில் இருந்தவர் அவரைக் கண்டு, "புதுசா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சாயங்காலம்வரை இருவரும் பேசவில்லை.

ஒருவழியாகத் தட்டுநர் வந்தார். அவர் வைத்திருந்தது சுத்தியல். செங்கல்லைத் தட்டி ஓசை கேட்பது அவருடைய முறை. கணீரென்று கேட்டால் நல்ல கல்லாம், மொத்தென்று கேட்டால் கெட்ட கல். கணீரென்று கேட்டதையெல்லாம் நம்பிக்கையில்லாமல் மொத்தென்று கேட்கும்வரை தட்டினார். தொப்பை இன்னும் ஒரு விரற்கடை முன்னால் வந்தது.

"யோவ், நான் உள்ள உக்காந்திருக்கேன்யா!" என்று மாமனார் கத்தினார்.

"அசையாதீங்க" என்றார் தட்டுநர். "ஒட்டிய பொருள் அசைஞ்சா ஓச மாறிடும்."

போகும்போது சுவரில் ஒரு தகரப் பலகையை நான்கு மூலையிலும் நீள ஆணி அடித்து மாட்டினார். பலகையில், 'பாதிக்கப்பட்ட சுவர். இதன் மீது ஆணி அடிப்பது குற்றம்' என்று எழுதியிருந்தது. சிதைவை யாரும் திருட்டுத்தனமாகச் சரிசெய்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலரையும் விட்டுப் போனார். அவர் நல்ல மனிதர், கனமான மனிதரும்கூட. நின்று கால் கடுத்தால் சுவரில் சாய்ந்துகொள்வார்.

மனைவி அன்று இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்தபடி கேட்டாள். "ஏங்க, சுவரு விழாமப் பாத்துக்க ஆள் போட்டிருக்காங்களா, விழறதப் பாக்கப் போட்டிருக்காங்களா?"

மாப்பிள்ளை வெகுநேரம் சோற்றைப் பிசைந்தார். "அப்பாவ உள்ள வந்து படுக்கச் சொல்லு" என்றார்.

"சொல்லிட்டேன். ஒரு அலுவலர் அசையக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம். நாப்பது வருஷம் கண்டக்டர் விசிலுக்குத்தான் வண்டிய எடுத்தேன், இப்பவும் விசில் வரட்டும்ங்கறாரு. புடிவாதம்."

விசிலுக்குப் பதிலாக இயக்குநர் வந்தார்.

சிதைவு இப்போது உச்சநிலை என்பதால், இயக்குநரே நேரில் பார்க்க வேண்டுமென்பது விதி. பந்தல் போட்டார்கள். பந்தலின் ஒரு கயிற்றைக் கட்ட இடமில்லாமல் சுவரின் மேல்வரிசைச் செங்கல் ஒன்றில் கட்டினார்கள். இயக்குநர் சுவரைப் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தெருக்காரர்களைப் பார்த்துப் பேசினார்.

"நண்பர்களே! சுவர் விழுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். விழுவதற்கு முன்னால் அது எவ்வளவு காலம் விழாமல் நின்றது என்பதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? நாங்கள் பேசுகிறோம். இந்த இடுக்கில் சாந்து பூசுவது எளிது. ஒரு கொத்தனார் அரை நாளில் பூசிவிடுவார். அரை நாள் வேலைக்கு எதற்கு இத்தனை அலுவலர்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இத்தனை அலுவலர்கள் இருக்கும்போது அது எப்படி அரை நாளில் முடியும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். ஒன்றை மட்டும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். எங்கள் அனுமதியோடு பழுதுபார்க்கப்பட்ட சுவர் ஒன்றுகூட இன்றுவரை இடிந்து விழுந்ததில்லை!"

கைதட்டல் அடங்கியதும் காருக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "எத்தன சுவத்துக்கு அனுமதி குடுத்திருக்கீங்க?"

"அவசரப்பட்டு இதுவரை ஒன்றுக்கும் கொடுத்துவிடவில்லை" என்றார் இயக்குநர், அதே பெருமிதத்தோடு.

அந்த நேரம் பார்த்துப் பந்தல் கயிறு இழுத்து, மேல்வரிசைச் செங்கல் ஒன்று பெயர்ந்து காரின் கூரையில் விழுந்தது. மாமனாரின் தலைக்கு மேலே தகடு குழிந்தது. மனைவி "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். மாப்பிள்ளை அவளுக்கு முன்னாலேயே கார்க் கதவில் இருந்தார். அவர் ஓடிப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் அதற்குமுன் கிடையாது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. வேகத்தடை" என்றார் மாமனார். சட்டையில் கொட்டிய தேநீரைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

இயக்குநர் விழுந்த செங்கல்லை நெடுநேரம் பார்த்தார். "இனி இந்தச் சுவரை இங்கே விட்டுவைப்பது ஆபத்து" என்றார். இவ்வளவு காலத்தில் அந்தத் துறையிலிருந்து வந்த முதல் உருப்படியான வாக்கியம் என்று மாப்பிள்ளைக்குப் பட்டது. "ஆகவே, சுவரை எங்கள் அலுவலகத்துக்கு எடுத்துப் போய் ஆராய்வோம்."

மறுநாளே லாரி வந்தது. ஒவ்வொரு செங்கல்லுக்கும் எண் போட்டு, துணியில் சுற்றி எடுத்தார்கள். உதிர்ந்த சாந்துத் தூளை இடுக்குவாரியாகத் தனித்தனி உறையில் போட்டார்கள். கீழே இருந்த சில வரிசைகளை மட்டும் தொடவில்லை. அவை தரையோடு ஒட்டியிருந்தன. தரை வேறு துறையாம். கூரை இறங்காமலிருக்க நான்கு கட்டைகளை முட்டுக்கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து லாரி கிளம்புகிற நேரத்தில் பார்வையாளர் குறிப்பைப் புரட்டிக்கொண்டே ஓடிவந்தார்.

"இருங்க, இருங்க! ஒட்டிய பொருட்கள வச்சாத்தான் அதே நிலைமைய அங்க உண்டாக்க முடியும். கார் ஒண்ணு, குழாய் ஒண்ணு, மாமனார் ஒண்ணு."

"அவரு மனுஷருங்க" என்றார் மாப்பிள்ளை.

"பட்டியல்ல அப்படிப் போடலியே."

கயிறு கட்டிக் காரை லாரியின் பின்னால் இழுத்தார்கள். இறங்கச் சொல்லி மகள் கெஞ்சினாள். ஆனால் கார் நகர்ந்த அந்த நொடியில் மாமனாரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அவள் வாய் அடைத்துப்போயிற்று. எத்தனை வருடத்துக்குப் பிறகு சக்கரம் உருள்கிறது! அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையில் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டித் திரும்பினார்.

சரி, அலுவலகத்திலாவது சுவரைச் சாந்து வைத்துக் கட்டினார்களா என்றால், அதுதான் இல்லை. சாந்து வைத்தால் அது பழுதுபார்ப்பு ஆகிவிடும். அதனால் சிதைவு மீட்பாளர் என்ற ஒருவர் வந்து, கூடத்தின் நடுவில் செங்கற்களை எண்படி அடுக்கி, பழைய தொப்பையைக் கொஞ்சமும் பிசகாமல் உண்டாக்கினார். உறையிலிருந்த தூளை மென்தூரிகையால் அந்தந்த இடுக்கில் தூவினார். பிறகு காரைத் தள்ளிவந்து, பழையபடி, கதவைத் திறந்தால் இடிக்கும் தூரத்தில் நிறுத்தினார்கள். ஒட்டியிருந்த பிடிமானமும் போய், வெறும் அடுக்காக நின்ற சுவருக்குக் கீழே மாமனார். காற்றடித்தால் விழுந்துவிடும் என்று கூடத்தில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். தும்மல் வருகிறவர்கள் வெளியே போய்த் தும்மிவிட்டு வரவேண்டும்.

முதல் வாரம் மகள் தினமும் போய்க் காவலாளியோடு சண்டை போட்டாள். "அவரு தூங்கறப்ப புரண்டு படுத்தா போதும்யா, எல்லாம் மேல விழும்!"

"புரளக்கூடாதுன்னு சொல்லியிருக்கோம்மா."

இதற்கிடையில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கூடத்தில் காத்திருந்தவர்கள் வெகுநாளாகத் திறந்த சன்னலையே பார்த்ததில்லை. இப்போது திடீரென்று நடுக்கூடத்தில் ஒரு சன்னல், அதற்குப் பின்னால் ஒரு மனிதர், அதுவும் விழித்துக்கொண்டிருக்கிற மனிதர். கார் சன்னல் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வரிசை கட்டிவிட்டார்கள்.

மாமனாருக்குப் பழைய பழக்கம். "எங்க போகணும்?" என்று கேட்டார்.

"தளத்துல ஓட்டைங்க. மூணு வருஷமா அலையறேன்."

"போய் அடைங்க. அடுத்தது?"

"மதில்ல விரிசல். பூசலாமான்னு அனுமதி வேணும்."

"பூசுங்க. படியில நிக்காதீங்க, உள்ள நகருங்க. அடுத்தது யாரு?"

இயக்குநருக்குச் செய்தி போவதற்குள் கூடம் காலியாகிவிட்டது. அதிர்ந்துபோன அவர் அவசரக் கூட்டம் கூட்டினார். மாமனார் அலுவலர் இல்லையென்று அறிவித்தால், அவர் அனுப்பிவைத்த அத்தனை பேரும் திரும்பி வருவார்கள். அலுவலர்தான் என்றால், நிலுவையே இல்லாத துறை என்று பெயர் கிடைக்கும். நிலுவை இல்லாத துறை என்பது இயக்குநருக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. என்றாலும் துணிந்து, மாமனாரை முன்தேதியிட்டு ஆய்வு அலுவலராக நியமித்தார்கள். ஒரு தொப்பி கொடுத்தார்கள். ஓர் உதவியாளரையும் கொடுத்தார்கள், சுத்தியலோடு.

மகளும் மருமகனும் பார்க்கப் போனபோது மாமனார் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, போதும். வீட்டுக்கு வாங்க."

"வரிசையில வாம்மா" என்றார் அவர்.

திரும்பும் வழியெல்லாம் மனைவி பேசவில்லை. அவள் பேசாமலிருப்பது மாப்பிள்ளைக்குப் புதிது. தன்னுடைய மௌனம் அடுத்தவருக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டு வாசலில் நின்று, "அந்தத் தொப்பிக்கு மேல எந்நேரமும் சுவரு நிக்குதுங்க. அவருக்கே அது மறந்துபோச்சு" என்றாள்.

மாப்பிள்ளை மறுபடி போனார். மாமனாரைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். அலுவலக மேசைக்குப் பின்னால் இருந்த எழுத்தர் பொறுமையானவர்.

"அலுவலருங்கற முறையில அவருக்கு வாரம் ஒருநாள் லீவு உண்டு. பொருளுங்கற முறையில ஆய்வு முடியறவரைக்கும் வெளிய போகக்கூடாது. கடமையில வெளிய போலாம். லீவுல போகக்கூடாது."

"அப்ப எப்பத்தான் திருப்பித் தருவீங்க?"

"எடுத்த எடத்துலதான் திருப்பி வைக்கணும். எடுத்த எடம்னா, சுவர ஒட்டி. உங்க ஷெட்டுல சுவரு இருக்கா?"

"சுவரத்தான் நீங்க கொண்டுவந்துட்டீங்களே."

"அப்ப எங்க கொண்டாந்து வைக்கறது? நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை நின்றார். பதிலைத் தேய்த்தார், துடைத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சொல்லவில்லை. நேராகப் போய் ஒரு வண்டி செங்கல்லும் மணலும் சிமெண்ட்டும் சுண்ணாம்பும் சொல்லிவிட்டு வந்தார்.

கொத்தனாரை அழைத்துவரும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். அவர் வீட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு வர்றேம்மா."

"வாங்க. நாளைக்கு வரைக்கும் நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"புடிச்சுட்டாங்கன்னா?"

"எங்கப்பா பக்கத்துல சீட்டு காலியாத்தான் இருக்கு. போய் உக்காந்துக்குங்க."

கொத்தனார் வந்தார். முதலில் தரையோடு நின்ற பழைய வரிசைகளைச் சரிசெய்தார்கள். மட்கிய சாந்தை உளியால் சுரண்டி, தூரிகையால் தூசு தட்டி, தண்ணீர் தெளித்து, இடுக்கில் புதுக் கலவையைத் திணித்து இரும்புக் கம்பியால் அழுத்த வேண்டும். அந்த இடுக்கு வேலையை மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டார். வில்லையைச் சட்டத்தில் பொருத்துகிற அதே நிதானம். கொத்தனார் மேலே இரண்டு வரிசை ஏற்றும் நேரத்தில் இவர் கீழே ஒரு முழம்தான் நகர்ந்திருப்பார். "இப்படி வேல செஞ்சா துறையிலயே சேத்துக்குவாங்க" என்று கொத்தனார் சலித்துக்கொண்டார். ஆனாலும் தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தபோது சுவர் நூல் பிடித்தாற்போல் நின்றது. தொப்பை கிடையாது. கடைசி வரிசை ஏறிக்கொண்டிருந்தபோதுதான் தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டது.

ஜீப்புக்குப் பின்னால் ஒரு கயிறு. கயிற்றுக்குப் பின்னால் குழிந்த கூரையோடு அந்தக் கார். ஆய்வு அலுவலரின் அதிகாரபூர்வ வாகனம். ஸ்டியரிங்கில் தொப்பியோடு மாமனார், பக்கத்து இருக்கையில் சுத்தியலை மடியில் வைத்தபடி உதவியாளர். மணல் குவிந்த செய்தி போயிருக்கிறது. கடமையின் பேரில் அவரையே அனுப்பியிருக்கிறார்கள்.

கொத்தனார் மணல் குவியலுக்குப் பின்னால் பாய்ந்து படுத்துக்கொண்டார்.

மாமனார் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினார். "இது யார் வேல?"

"நான்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை.

"கடமையில மாமா கிடையாது."

உதவியாளர் இறங்கிச் சுவரருகே போனார். சாந்து இன்னும் ஈரமாக மின்னியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் ஈரம். "தட்டிரட்டுங்களா ஐயா?" என்று சுத்தியலை ஓங்கினார். மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரே தட்டு போதும், சுவர் சரிந்துவிடும். சுவர் போனால் அப்பாவைக் கொண்டுவந்து வைக்க இடமும் போய்விடும்.

"இருய்யா. முதல்ல கேள்வி. அப்புறந்தான் தட்டறது. யார்யா உனக்கு வேல கத்துக்குடுத்தது?" மாமனார் காகிதத்தை ஸ்டியரிங் மேல் விரித்தார். மகளைப் பார்த்தார், அல்லது அவள் நின்ற பக்கத்தைப் பார்த்தார். "இந்தச் சுவத்துக்கு நீங்க என்ன உறவு?"

"சுவத்துக்கு நான் ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "உங்களுக்குத்தான் மக."

பேனா நின்றது. மாமனார் காகிதத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை தேடினார். "அதுக்கு இதுல எடமில்லையேம்மா."

"எடமில்லன்னா ஓரத்துல எழுதுங்கப்பா."

ஜீப் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். மாப்பிள்ளை கையிலிருந்த கம்பியின் நுனியிலிருந்து ஈரச்சாந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மாமனார் குனிந்து, சின்ன எழுத்தில் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். நிமிர்ந்தபோது அவர் குரலில் அலுவலர் இன்னும் இருந்தார்.

"ஓரத்துல எழுதியாச்சு. ஓரத்துல எழுதுனா என்ன செய்யணும்?"

"மேலிடத்துக்கு அனுப்பணும்யா" என்றார் உதவியாளர்.

"மேலிடம் என்ன செய்யும்?"

"ஓரத்துல எழுதுனது செல்லுமான்னு பாக்கக் குழு போடும்யா."

"குழு என்ன செய்யும்?"

"கூடணும்யா."

"அது கூடற வரைக்கும்?"

"சுவர யாரும் தொடக்கூடாதுய்யா."

"தட்டலாமா?"

"ஐயோ, தட்டவே கூடாதுய்யா!" உதவியாளர் தன் கையில் ஓங்கியிருந்த சுத்தியலை அப்போதுதான் பார்த்தவர்போலப் பதறிப் பைக்குள் போட்டார்.

மாமனார் சன்னல் வழியாகக் கையை நீட்டினார். சுவரைத் தொடவில்லை. ஈரத்தின் குளிர்ச்சி உள்ளங்கையில் படும் தூரத்தில் சற்றுநேரம் வைத்திருந்தார். "இது இறுகறதுக்கு எத்தன நாளாவும்?"

"ரெண்டு மூணு வாரம் ஈரம் போடணுங்க" என்றது மணல் குவியல்.

"குழு அதுக்குள்ள கூடாது" என்றார் மாமனார், யாரிடமும் இல்லாமல். பிறகு ஜீப்பைப் பார்த்துக் கையசைத்தார். "ரைட். போலாம்."

கயிறு விறைத்தது. கார் நகர்ந்தது. மகள் சன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "அப்பா, சாப்பாடு?"

"அஞ்சு மணிக்கு மேல வர்றேன். எடுத்து வை."

"எப்படி விடுவாங்க? நீங்க அங்க பொருளாச்சே."

மாமனார் தெருமுனையில் திரும்புவதற்காகக் கையை வெளியே நீட்டினார்.

"அஞ்சு மணிக்கு மேல அங்க பொருளத் தேட ஆளேதும்மா?"